மூன்று பாட்டுப் பெட்டிகளுடன் படுவான்கரைக்கு

பழுகாமத்துப் போடியாரின் கடிதத்தில் மூன்றே வரிதான் இருந்தது. என் மனைவிக்குக் காது மந்தம். அவளுக்குக் கேட்கிற பாட்டுப் பெட்டி எதுவோ அது எனக்கு வேண்டும். ஒன்றை நம்பி அனுப்பிவிடாமல், இரண்டு மூன்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்ட ஓர் ஆளை அனுப்பவும்.

மதுரையில் நான் வேலை பார்த்த கிராமபோன் கடையில் முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். கடிதத்தைக் கொண்டுவந்தவர் காத்தான்குடி மீராலெவ்வை. வருஷத்துக்கு ஒரு முறை எங்கள் தெருவுக்கு வந்து சுங்குடிச் சேலை எடுத்துப்போகிற ஜவுளி வியாபாரி அவர். இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பக்கம், வயல் நிறைய வைத்திருப்பவர்களைப் போடியார் என்பார்கள் என்று அவர்தான் விளக்கினார். முதலாளி ரிப்பேர் மேசையில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் காது நல்லது என்று தெருவில் ஒரு பேர் உண்டு. ஊசி தேய்ந்திருந்தால் வாசலுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம்தான் என்னைக் கடல் தாண்ட வைத்தது.

கொண்டுபோன பெட்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலாவது பூக்குழல் பெட்டி. ஊமத்தம்பூ மாதிரி விரிந்த பித்தளைக் குழல். பழைய மாடல்தான், ஆனால் கல்யாணப் பந்தலில் வைத்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இரண்டாவது மேசைப் பெட்டி. இதில் குழலை மரப் பெட்டிக்குள்ளேயே அடக்கி முன்னால் இரண்டு சின்னக் கதவு வைத்திருப்பார்கள். சத்தம் குறைவு, ஆனால் வீணை வாசித்தால் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகத் தெரியும். மூன்றாவது கைப்பெட்டி. மூடிவிட்டால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அதில் யார் பாடினாலும் ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். அது வேண்டாம் என்றேன். மூன்றாவதாக ஒன்று இருந்தால்தான் முதல் இரண்டின் அருமை தெரியும் என்றார் முதலாளி. வியாபாரம் தெரிந்த மனிதர்.

ரயில் மாறியதும் கப்பலில் குமட்டியதும் எல்லோருக்கும் நடப்பதுதான். சுங்கத்தில் ஒரு அதிகாரி பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, இது உண்மையிலேயே பாடுமா என்று கேட்டு, ஒரு முழு இசைத்தட்டையும் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் என்னை விட்டார் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

மட்டக்களப்பில் இறங்கியபோது, முன்பே ஊர் திரும்பியிருந்த மீராலெவ்வை வண்டி அனுப்பியிருந்தார். காத்தான்குடியில் அவர் கடைக்குப் பின்னால் ஒரு அறையில் தங்கினேன். அங்கே எல்லோரும் அவரைக் காக்கா என்று கூப்பிட்டார்கள். அண்ணன் என்று அர்த்தமாம். முதல் நாள் எனக்கு வாய் வரவில்லை, மறுநாள் வேறெப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் போனால் பாவம் பிடிக்கும். இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வந்தன. பிறகு சோறும், வாவியில் காலையில் பிடித்த மீனும். எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் மீன் களைத்துப் போயிருக்கும். இங்கே அது சட்டிக்குப் போகும்வரை வீட்டு முற்றத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. கடைசியில் எருமைத் தயிர். மதுரையில் தயிரை ஊற்றுவோம், இங்கே வெட்டி எடுத்தார்கள். மேலே தேன் விட்டார்கள். மூன்றாம் தடவை நானே சட்டியை இழுத்துக்கொண்டேன். காக்கா வேறு பக்கம் பார்த்தார்.

சாயங்காலம் மூன்று பெட்டியையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். பள்ளியில் பாங்கு சொல்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று காக்கா சொல்லியிருந்தார். உப்புக் காற்றில் பூக்குழல் பெட்டியின் சுருள்வில் கொஞ்சம் இறுகியிருந்தது. ஊசி பூட்டும் தலையைச் சுற்றிய ரப்பர் ஊறிப் பருத்திருந்ததால் உச்ச ஸ்தாயி மழுங்கியது. மேசைப் பெட்டி தப்பித்தது. கைப்பெட்டி எப்போதும் போல மூக்கால் பாடியது. பெரிய குழலைத்தான் போடியார் எடுப்பார், செவிட்டுக்கு அதுதான் சரி என்றேன். காக்கா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“சத்தம் பெரிசா இரிந்தாச் சத்தம்தான் கேக்கும் தம்பி. பேச்சு விளங்காது. சந்தையில எத்தின பேர் கத்துறான், எவன் என்ன சொல்றான் எண்டு ஒங்களுக்கு விளங்குதா?”

துணி அளக்கிறவருக்குச் சத்தத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதை இப்போது எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பஸ்ஸில் தெற்கே போனேன். மட்டக்களப்பு வாவி கடலுக்கு இணையாக நீண்டு கிடக்கிறது. கடல் பக்கம் உள்ள நிலத்துக்கு எழுவான்கரை என்று பேர். வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம், படுவான்கரை; பழுகாமம் அங்கேதான். ஊரைச் சூரியனை வைத்துப் பிரித்த மனிதர்களை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. பஸ் கூரையில் இரண்டு பெட்டி, காலடியில் ஒன்று, மடியில் பித்தளைக் குழல். பக்கத்தில் இருந்த கிழவர் வெற்றிலை மடிப்பதற்கு வாகாகத் தன் பொட்டலத்தைக் குழலுக்குள் வைத்துவிட்டு, இறங்கும்போது ரொம்ப மரியாதையாக எடுத்துக்கொண்டு போனார்.

துறையில் தோணி. தோணிக்காரர் பெட்டிகளை அடுக்கிய விதத்தைப் பார்த்து நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இப்படி வையுங்கள், அப்படி வையுங்கள் என்று எழுந்து நின்று கை காட்டினேன். தோணி சாய்ந்தது. குழல் வாவிக்குள் போய்விட்டது. அந்த இடத்தில் தண்ணீர் மார்பளவுதான். தோணிக்காரர் சலிக்காமல் இறங்கி, தடவி, தூக்கிக் கொடுத்தார். உள்ளே சேறும் இரண்டு இறாலும் இருந்தன. இறாலை அவர் எடுத்துக்கொண்டார். குழலில் ஒரு நெளிவு விழுந்திருந்தது. மீதி வழி நான் உட்கார்ந்தே வந்தேன்.

கரையில், கடிதம் எழுதிய கந்தப்போடியார் காத்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. நல்ல உயரம், வெயிலில் கறுத்த முதுகு. அவர் வணக்கம் சொன்னபோதே நான் ஒரு அடி பின்வாங்கினேன். அவ்வளவு சத்தம். கோபக்காரரோ என்று நினைத்தேன். நடக்க நடக்கத்தான் புரிந்தது, இரண்டு வருஷமாக மனைவியிடம் கத்திக் கத்தியே மனிதருக்கு இயல்பான குரல் மறந்துபோயிருந்தது. பெட்டியை எந்த இடத்தில் வைக்கலாம் என்று கேட்டேன். அதை அவளிடம்தான் கேட்க வேண்டும் என்றார். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருகிறார். இருபத்தெட்டு வருஷமாகியும் அவர், அவட வீடு என்றுதான் சொன்னார்.

அந்த அம்மாளின் பெயர் தெய்வானைப்பிள்ளை. மெலிந்த உடம்பு, சிரித்த கண். காது மந்தமானவர்கள் உரக்கப் பேசுவார்கள் என்றுதான் நான் கண்டிருக்கிறேன். இந்த அம்மாள் பேசியதோ பக்கத்தில் குழந்தை தூங்குகிற மாதிரி. நான் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. பெட்டிகளை விறாந்தையில் வைக்கச் சொன்னார், குழலைக் கழுவத் தண்ணீர் தந்தார், நான் சாப்பிடும்வரை ஒரு பெட்டியையும் திறக்கவிடவில்லை.

நாலு மணிக்குப் பரீட்சை தொடங்கியது. அக்கம்பக்கத்தார் இருபது பேர் முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அம்மாளை நடுவில் ஒரு பாயில் இருத்தி, முதலில் பூக்குழலுக்குச் சாவி கொடுத்தேன். நாதசுவரத் தட்டு. தடித்த ஊசி. மாட்டுக் கொட்டிலில் மாடு எழுந்து நின்றது. அம்மாள் தலையை ஆட்டித் தொடையில் தாளம் போட்டார். போடியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கேக்குதா, கேக்குதா என்று அவர் கத்த, கேக்குது என்று அம்மாள் மெல்லச் சொன்னார். அடுத்து மேசைப் பெட்டி, ஒரு பெண் பாடிய தட்டு. அதற்கும் தலை ஆடியது. பிறகு கைப்பெட்டி. அதற்கும் ஆடியது.

எனக்கு அங்கேதான் உறுத்தியது. மூன்று பெட்டிக்கு மூன்று குரல். கேட்கிற முகம் மூன்றுக்கும் ஒரே மாதிரி இருக்க முடியாது. மறுபடி பூக்குழலில் நாதசுவரத்தைப் போட்டுவிட்டு ஊசி டப்பாவைத் துழாவுகிறவன் மாதிரி ஓரக்கண்ணால் பார்த்தேன். பாட்டு முடிந்தது. தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, ஊசி கடைசிக் கோட்டில் கரகரத்தது. அம்மாள் இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பார்வை தட்டின் மேல் இருந்தது, நடுநடுவே கணவர் முகத்தின் மேல். அவர் சிரித்தால் இவர் சிரித்தார். வேறு யாரும் கவனிப்பதற்குள் நான் ஊசியைத் தூக்கிவிட்டேன்.

பெரிய குழலையே எடுத்துக்கொள்கிறேன் என்று போடியார் அன்றைக்கே சொல்லிவிட்டார். நாளைக்கு இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நான் மழுப்பினேன். கடையில் நாலு வருஷமாக விற்காமல் கிடந்த பெட்டி அது. முதலாளி கேட்டிருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை போடியார் என்னை வயல் பார்க்கக் கூட்டிப்போனார். ஒரே பரப்பாகக் கிடக்கும் வயல்வெளியை அங்கே வட்டை என்கிறார்கள். கதிர் பால் பிடிக்கிற சமயம். வரப்பில் நடந்து நடந்து வட்டையின் நடுவுக்குப் போய்விட்டோம். சுற்றி ஒரு ஆள் இல்லை. போடியார் நின்றார். அங்கேதான் முதல் தடவையாக அவருடைய சாதாரணக் குரலைக் கேட்டேன். தாழ்ந்த, நல்ல குரல்.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாளுக்குக் கடும் காய்ச்சல், கூடவே காதுக்குள் குத்து வலி. நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு விடும்படி நாட்டு வைத்தியரான பரிசாரியார் சொல்லிவிட்டுப் போனாராம். ராத்திரியெல்லாம் அவள் முனகியதைக் கேட்டு இவருக்குக் கை கால் ஓடவில்லை. புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவர் பார்க்கவில்லை. தாச்சி என்கிற இரும்புச் சட்டியில் இருந்ததை அப்படியே இரண்டு காதிலும் விட்டுவிட்டார்.

“கொதிக்கல்ல தம்பி. ஆறவும் இல்ல. காய்ச்சல்தான் காதை அடைச்சிட்டு எண்டு ஊர் முழுக்கச் சொல்லுது. அவளும் அதைத்தான் சொல்றா. எனக்கு மட்டும்தான் தெரியும்.”

அம்மாளிடம் சொல்லிவிடுங்களேன் என்றேன். எப்படிச் சொல்ல என்று கேட்டார். அவளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் ஊருக்கெல்லாம் கேட்கும். எழுதிக் காட்டலாம் என்றால் அவளுக்கு எழுத்துத் தெரியாது. சாப்பாடு, மாடு, மழை, இவ்வளவுதான் கத்திச் சொல்லக்கூடியவை. மன்னிப்பைக் கத்திக் கேட்க முடியுமா? பாட்டாவது கேட்கட்டும் என்றுதான் உங்களுக்கு எழுதினேன் என்றார். நேற்று அவள் தாளம் போட்டதைப் பார்த்துத் தான் நிம்மதியாகத் தூங்கியதாகவும் சொன்னார்.

அந்தத் தாளம் பொய் என்பதை நான் எந்த வாயால் சொல்வேன். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு கதிர் நன்றாக இருக்கிறது என்றேன். என் வாழ்க்கையில் நெல்லைப் பற்றி நான் சொன்ன முதல் கருத்து அதுதான்.

அன்று அம்மாள் அக்கரையில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. போடியாரே தோணி வலித்தார், நானும் தொற்றிக்கொண்டேன். திரும்பும்போது பொழுது சாய்ந்து நிலா கிளம்பியிருந்தது. வாவியின் நடுவில் போடியார் துடுப்பு வலிப்பதை நிறுத்தினார். இந்தத் தண்ணீருக்குள் மீன் பாடும், கேட்கிறீர்களா என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். பாடுவது மீனா, ஊரி என்கிற நீர் நத்தையா என்று அந்த ஊரில் இன்னும் வழக்குத் தீரவில்லை. துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைக்கச் சொன்னார்.

வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடியிலிருந்து ஒரு நாதம் வந்தது, தம்புராவை யாரோ அடுத்த அறையில் மீட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரம் வரும், நிற்கும், மறுபடி வரும். எத்தனையோ பெட்டிகளைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன், இவ்வளவு சுத்தமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

தலையைத் தூக்கினால், எதிரே அம்மாள் இன்னொரு துடுப்பின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். மற்றவர்கள் காதில் வைப்பார்கள், காது அடைத்த பிறகு இவள் இப்படித்தான் கடிக்கிறாள், பழைய பழக்கத்தை விட மனமில்லை போல என்றார் போடியார். அவருக்கு அது ஒரு பரிதாபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் மறுபடி காதை வைத்துக்கொண்டு அம்மாளையே பார்த்தேன். எனக்கு நாதம் நின்றது. அதே கணம் அவர் கண்ணைத் திறந்தார். எனக்கு வந்தது. அவர் கண் மூடியது. ஆறு தடவை பார்த்தேன், ஆறு தடவையும் தப்பவில்லை. இது நேற்றைய முகமே இல்லை. யார் முகத்தையும் பார்க்காமல், தனியாகக் கேட்கிற முகம்.

காது என்கிற வாசல்தான் அடைத்திருக்கிறது, உள்ளே வீடு திறந்துதான் இருக்கிறது என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த துடுப்பு வித்தையைத் தண்ணீருக்கு வெளியே பிரயோகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அது மீனுக்கானது, அவ்வளவுதான்.

அன்றிரவு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பலிக்காமல் போனால் என்ன செய்வது?

மறுநாள் விடிந்ததும், பாக்கு மரத்தில் பிளந்த கமுகஞ் சிலாகை ஒன்று கேட்டு வாங்கினேன். ஒரு கை நீளத்துக்கு வெட்டி, சீவி, கழுவினேன். பெட்டிகளை மறுபடி வரிசையாக வைத்தேன். சிலாகையின் ஒரு முனையைப் பூக்குழலின் விளிம்பில் தொட வைத்து, மறுமுனையை அம்மாளிடம் நீட்டி, மீனுக்குக் கடித்த மாதிரி கடியுங்கள் என்று சைகை காட்டினேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கடித்தார். தட்டு சுற்றியது. அடுத்த நொடி சிலாகையைத் துப்பிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“பல்லுக் கூசுது தம்பி. ஆரோ தாச்சியைச் சுரண்டுறாங்க.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பெட்டியைப் பற்றி அந்த அம்மாள் சொன்ன முதல் குறை அது. குறை சொல்கிறார் என்றால் கேட்கிறது! போடியார் என்ன என்ன என்று கத்திக்கொண்டு கிட்டே வந்தார். பொறுங்கள் என்று அவரை உட்கார வைத்தேன்.

மேசைப் பெட்டியின் மரத்தில் சிலாகையை வைத்தேன். இந்தத் தடவை அம்மாள் பொறுமையாக அரைத் தட்டு கேட்டார். பிறகு பொம்பளை நல்லாப் பாடுறா, ஆனால் கூடவே யாரோ மா அரைக்கிறாள், அவளைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க என்றார். தட்டைச் சுழற்றுகிற மோட்டாரின் உறுமல். காற்றில் வரும்போது என் காதுக்கே எட்டாத உறுமல், மரத்தின் வழியாகப் போய் அவர் பல்லில் ஏறியிருக்கிறது. பிரித்து எண்ணெய் போட்டேன். அரைப்பது கொஞ்சம் தள்ளிப் போயிற்று, ஆனால் நிற்கவில்லை.

கடைசியில் கைப்பெட்டி. வேண்டா வெறுப்பாகத்தான் திறந்தேன். மோட்டார் சின்னது, அதைத் தாங்குகிற ரப்பர்களைக் கிளம்புவதற்கு முந்தைய வாரம்தான் மாற்றியிருந்தேன். இருவர் பேசிச் சிரிக்க வைக்கிற ஒரு விகடத் தட்டைப் போட்டேன். மாமனாரும் மருமகனும் ஒரு பூசணிக்காய்க்குச் சண்டை போடுவார்கள். சிலாகையை மூடிப் பலகையில் வைத்தேன். அம்மாள் கடித்தார். கண்ணை மூடினார். மருமகன் பூசணிக்காயைக் குழந்தை என்று சொல்லித் தொட்டிலில் போடுகிற இடம் வந்தது. அம்மாளுக்குத் தோள் குலுங்கியது. சிலாகையைக் கடித்த வாயோடு சிரித்தார். நாங்கள் யாரும் சிரிப்பதற்கு முன்பே சிரித்தார்.

போடியார் அதைப் பார்த்துவிட்டார். இருபத்தெட்டு வருஷமாகப் பக்கத்தில் இருந்தவருக்கு எந்தச் சிரிப்பு எது என்று நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முந்தாநாள் சிரிப்பு என்ன என்பதும் அவருக்கு அந்த நிமிஷம் தெரிந்துபோயிற்று. அவர் முகம் வாடியது, பிறகு கலங்கியது. நான் தட்டைத் திருப்பிப் போடுவதில் மும்முரமானேன். காதால் கேட்டால் கடைசியாக வந்த பெட்டி, பல்லால் கேட்டதும் முதலாவதாக வந்துவிட்டது. காக்கா சொன்னதும் சரியாகப் போயிற்று. என் காதின் பெருமை அத்தோடு தீர்ந்தது.

இரண்டாம் பக்கம் பாதி ஓடும்போது அம்மாள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். ஊசியைத் தூக்கினேன். அவர் சிலாகையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். தன் முனையைப் பல்லில் வைத்தபடி மறுமுனையைக் கணவர் பக்கம் நீட்டினார். போடியார் விழித்தார். குரல்வளையில் வைத்துக்கொண்டு பேசுங்கள் என்று நான் சொன்னேன். அவர் வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், தெய்வானை என்று ஒரு கத்து கத்தினார். அம்மாள் துள்ளி விழுந்தார்.

“மெல்ல. மெல்லக் கதையுங்க. எனக்குக் கேக்குது.”

போடியார் சிலாகையைத் தொண்டையிலிருந்து இறக்கினார். அவர் என்னைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். வேலிக்கு மேலே ஏழெட்டுத் தலை தெரிந்தது. முந்தாநாள் வந்தவர்களும் வராதவர்களும் படலையைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். வட்டை நடுவில் மட்டும் பேசக்கூடிய ஒன்றை இங்கே எப்படிப் பேசுவார்?

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றுதான். பூக்குழல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கி, படலையோரம் மா மரத்தடியில் வைத்தேன். இருப்பதிலேயே தடித்த ஊசியைப் பூட்டி நாதசுவரத்தைப் போட்டேன். நெளிந்த குழல் ஊரைத் தூக்கியது. கூட்டம் அப்படியே என்னைச் சுற்றிக்கொண்டது. விறாந்தைப் பக்கம் யாரும் திரும்பவில்லை.

தட்டு முடிகிற சமயம் அடுத்த தட்டுக்காக விறாந்தைக்கு ஓடினேன். தட்டுகள் அங்கேதான் இருந்தன, ஒட்டுக் கேட்கப் போகவில்லை. போடியார் பாயில் அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சிலாகை இருவருக்கும் நடுவில் இருந்தது. அவர் சொல்லி முடித்திருந்தார் என்பது கன்னத்தைப் பார்த்தால் தெரிந்தது. அம்மாள் சிலாகையைப் பல்லிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எப்போதும் போல மெல்லிய குரல்தான்.

“எண்ணெய் சுட்டது எனக்குத் தெரியாம இரிக்குமா? உங்கட கை நடுங்கினதும் தெரியும். நான் கத்தினா நீங்க பயந்திடுவீங்க எண்டுதான் கத்தாமக் கிடந்த நான்.”

தட்டுகளை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். அம்மாள் என்னைக் கண்டுவிட்டார். இதை வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்கிற மாதிரி கைப்பெட்டியைச் சுட்டிக் காட்டினேன்.

“வச்சிட்டுப் போங்க தம்பி. மறுகாத்தான் பாட்டு. இவரிட்ட ரெண்டு வருசக் கதை கிடக்கு, முதல்ல அதைக் கேப்பம்.”

சொல்லிவிட்டு அவர் மறுபடி சிலாகையைக் கடித்துக்கொண்டார்.

நான் மா மரத்தடிக்குத் திரும்பினேன். முற்றத்தில் ஒருவர், அந்த விகடத் தட்டைப் போடச் சொன்னார். அதில் இடையிடையே மௌனம் வரும், விறாந்தைப் பேச்சு வெளியே கேட்டுவிடும். இல்லை, நாதசுவரம்தான் போடுவேன் என்றேன். முடிந்ததும் திருப்பிப் போட்டேன், அது முடிந்ததும் மறுபடி முதல் பக்கம். என்னை அக்கரை சேர்க்கவிருந்த தோணிக்காரர் இரண்டு தடவை வந்து, துறையில் நேரமாகிறது என்று எச்சரித்தார். விறாந்தையில் இருவரும் எழுந்திருக்கவில்லை. கை கடுத்துப் போகிறவரைக்கும் நான் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தேன்.